ட்ராக் சா முதல் ஜிக் சா வரை: விலை உயர்ந்த கையடக்க ரம்பங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரவேலையைத் தொழிலாகச் செய்பவர்கள் நல்ல ரம்பம் ஒன்றில் பணம் போடும் முன் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை. முன்பே சொன்ன பதிலை மறுபடி எழுதாமல் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

சாதாரண சர்க்குலர் சாவும் (வட்டப் பிளேடு ரம்பம்) மரத்தைத்தான் அறுக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து எதற்கு?

அறுப்பதற்காக என்றால் தேவையே இல்லை. சென்ட்ரிங் பலகையையும் சட்டத்தையும் துண்டு போட சாதாரண மெஷின் தாராளமாகப் போதும். வித்தியாசம் அறுத்த பிறகு வரும் விளிம்பில்தான் தெரியும். சாதாரண மெஷினில் அறுத்த பிளைவுட் விளிம்பை இழைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், சில்லு பேர்ந்த இடத்தை மறைக்க வேண்டும். நல்ல ட்ராக் சா, அதாவது ரெயிலின் மேல் ஓடும் ரம்பம், அறுத்த விளிம்பில் நேராக எட்ஜ் பேண்டு (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டலாம், பசை போட்டுச் சேர்க்கலாம்.

ஆகவே உங்களிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் அறுக்கும் விளிம்பை மறுபடி தொட வேண்டியிருக்கிறதா? அலமாரி, சமையலறை வேலை, கதவு, மேசை செய்பவர்களுக்கு ஆம் என்பதுதான் பதில். அந்த இரண்டாவது வேலை இல்லாமல் போவதற்காகத்தான் காசு கொடுக்கிறீர்கள். தூசி குறைவது, கை நடுங்காமல் அறுக்க முடிவது, பத்து வருடம் கழித்தும் உதிரிபாகம் கிடைப்பது எல்லாம் கூடவே வரும் லாபம். மோட்டார் வாட் மட்டும் பெரிதாக இருக்கிறதே என்று வாங்குபவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். ஃபெஸ்டூல் கம்பெனியின் டிஎஸ் 55 ட்ராக் சாவின் மோட்டார் 1200 வாட்தான். அதைவிடப் பெரிய மோட்டார் உள்ள மலிவு மெஷின்கள் எத்தனையோ உண்டு.

ட்ராக் சா என்பது தனி மெஷினா? என்னிடம் இருக்கும் சர்க்குலர் சாவுக்கு ஒரு ரெயில் மாட்டினால் ஆகாதா?

ஓரளவு ஆகும். நேராகப் போகும், ஆனால் அவ்வளவுதான். ட்ராக் சாவில் பிளேடு முழுக்க மூடிய உறைக்குள் இருக்கும். கைப்பிடியை அமுக்கினால்தான் கீழே இறங்கும், விட்டால் ஸ்பிரிங் மேலே இழுத்துக்கொள்ளும். அதனால் பலகையின் நடுவிலும் வெட்டை ஆரம்பிக்கலாம், நடுவிலேயே முடிக்கலாம். உறை மூடியிருப்பதால் தூசியும் வாக்யூம் குழாய்க்குள் போகிறது.

இன்னொன்று, அடித்தட்டில் ரெயிலைப் பிடிக்கும் சின்னச் சின்னத் திருகிகள். அவற்றைத் திருப்பி ஆட்டமில்லாமல் செய்துகொள்ளலாம். ரெயிலின் மேல் மெஷின் இடம்வலமாக அரை மி.மீ. ஆடினாலும் முதல் கேள்வியில் சொன்ன விளிம்பு கிடைக்காது. சர்க்குலர் சாவுக்குத் தனியாக விற்கும் ரெயில் அடாப்டர்களில் பெரும்பாலும் இந்த ஆட்டம்தான் பிரச்சினை.

55, 75 என்று எண் போடுகிறார்களே, எனக்கு எது சரி?

பெரும்பாலும் அந்த எண் வெட்டும் ஆழத்தை மி.மீட்டரில் சொல்கிறது. டிஎஸ் 55-இல் 160 மி.மீ. பிளேடு, டிஎஸ் 75-இல் 210 மி.மீ. பிளேடு. மகிட்டா எஸ்பி 6000-இல் 165 மி.மீ. பிளேடு, ஆழம் 56 மி.மீ. மாஃபெல் எம்டி 55-இன் ஆழம் 57 மி.மீ.

பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு வேலை என்றால் 55 வகையே போதும். எடை குறைவு, ரெயிலின் மேல் தள்ள சுலபம். கதவுச் சட்டம், கனமான மரப்பலகை, படிக்கட்டு வேலை தினமும் இருந்தால் 75. எப்போதாவது ஒருமுறை கனமான கட்டை வரும் என்பதற்காகப் பெரியதை வாங்காதீர்கள். சாய்த்து அறுத்தால் ஆழம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்: 55 வகை மெஷின் 45 டிகிரியில் சுமார் 40 மி.மீ. ஆழம்தான் தரும்.

ரெயில் எவ்வளவு நீளம் வாங்க வேண்டும்? ரெண்டை இணைத்தால் நேராக வருமா?

மெஷினோடு வருவது பெரும்பாலும் 1400 மி.மீ. ரெயில். முழு பிளைவுட்டின் 1220 மி.மீ. அகலத்தைக் குறுக்காக அறுக்க அது போதும். 2440 மி.மீ. நீளத்துக்கு அறுக்க வேண்டுமானால் பலகையைவிட ரெயில் நீளமாக இருக்க வேண்டும். பிளேடு மரத்தைத் தொடும் முன்பே மெஷின் ரெயிலில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும், வெட்டு முடிந்த பிறகும் கொஞ்சம் ஓட இடம் வேண்டும். இரண்டு 1400 ரெயிலை இணைத்தால் 2800, காரியம் நடக்கும். பட்டறையில் நிலையாக வேலை செய்பவர்கள் ஒரே துண்டாக 3000 மி.மீ. ரெயில் வாங்கிவிடுவது நல்லது. வண்டியில் எடுத்துப் போகிறவர்களுக்கு இணைப்புதான் ஒரே வழி.

இணைக்கும்போது பலரும் ரெயில்களின் முனைகளை ஒட்ட வைத்துத் திருகை முறுக்கிவிடுகிறார்கள். முனை சரியாக 90 டிகிரியில் வெட்டப்பட்டிருக்கும் என்று நம்ப வேண்டாம். நேரான நீண்ட இரும்பு ஸ்கேலை இரண்டு ரெயிலின் பக்கத்திலும் ஒட்ட வைத்து, முனைகளுக்கு இடையில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, அப்புறம் முறுக்குங்கள். சரிபார்க்க ஒரு வழி: ரெயிலை ஒட்டி பென்சிலால் கோடு போடுங்கள், ரெயிலை அப்படியே மறுபக்கமாகத் திருப்பி அதே விளிம்பை அதே கோட்டில் வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் நேர். நடுவில் விலகினால், விலகலில் பாதி உங்கள் பிழை.

ஒரு கம்பெனி மெஷின் இன்னொரு கம்பெனி ரெயிலில் ஓடுமா?

சிலது ஓடும். ஃபெஸ்டூல் ரெயிலும் மகிட்டா ரெயிலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு, மாற்றி ஓட்டுகிறவர்கள் ஏராளம். பாஷும் மாஃபெலும் வேறொரு அமைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. டிவால்ட் ரெயில் இரண்டு பக்கமும் அறுக்கும்படி செய்யப்பட்ட தனி வகை, அதில் மற்றது ஓடாது. மெஷின் வாங்கும்போது உண்மையில் ரெயில் குடும்பத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். மெஷின் ஒருநாள் தேயும், நன்றாக வைத்துக்கொண்டால் ரெயில் நிற்கும்.

மைக்கா ஒட்டின பலகையை அறுத்தா ஓரம் சில்லு சில்லா பேருது. எந்தப் பக்கத்தை மேல வைக்கணும்?

கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவில் பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி வருகின்றன. பல் மரத்தை விட்டு வெளியே வரும் பக்கம்தான் பேரும், அதாவது மேல்பக்கம். அதனால்தான் ரெயில் இல்லாமல் அறுக்கும்போது நல்ல பக்கத்தைக் கீழே வைக்கச் சொல்வார்கள். வளைவு அறுக்கும் ஜிக் சாவிலும் பல் மேல்நோக்கி இழுப்பதால் அதே விதி. மேசைக்கு அடியிலிருந்து பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் டேபிள் சாவில் நேர்மாறு, நல்ல பக்கம் மேலே.

ட்ராக் சாவில் ரெயிலின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. முதல் முறை ஓட்டும்போது மெஷினே அதை அறுத்து, பிளேடு போகும் இடத்துக்குச் சரியாக ஓரம் அமைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டை மேல்பரப்பை அமுக்கிப் பிடிப்பதால் நல்ல பக்கத்தை மேலேயே வைக்கலாம். ஆனால் அது காப்பது ரெயிலுக்கு அடியில் இருக்கும் துண்டை மட்டும்தான். மறுபக்கத் துண்டும் வேண்டுமென்றால் மெஷினில் மாட்டும் சில்லுத் தடுப்பைப் புதிதாகப் போட்டு அறுங்கள். இல்லாவிட்டால் முதலில் 2 மி.மீ. ஆழத்தில் ஒரு கீறல் வெட்டு ஓட்டி, பிறகு முழு ஆழத்தில் அறுங்கள்.

பட்டை கிழிந்திருந்தால், பலகையை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தால், மாற்றுங்கள். ஆயிரம் வெட்டுக்கு ஓடின பட்டையை வைத்துக்கொண்டு மெஷினைக் குறை சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மெஷினுக்கே நிறைய போட்டாச்சு. பிளேடு எதுவானாலும் ஓடும்தானே?

ஓடும். ஆனால் மெஷினுக்குப் போட்ட பணம் அந்த இடத்திலேயே வீணாகிறது. சுமாரான மெஷினில் நல்ல பிளேடு போட்டால் கிடைக்கும் வெட்டு, நல்ல மெஷினில் மொண்ணை பிளேடு போட்டால் கிடைக்காது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

160 மி.மீ. அளவில் மூன்று பிளேடு வைத்துக்கொள்ளுங்கள். மரப்பலகையை நார்வாக்கில் அறுக்க 12 அல்லது 14 பல் உள்ளது: பற்களுக்கு நடுவே இடம் அதிகம், சீவல் சிக்காமல் வெளியேறும். பொது வேலைக்கு 28 பல். பிளைவுட், வெனீர், குறுக்கு வெட்டுக்கு 48 பல், பற்கள் இடதும் வலதுமாக மாறி மாறிச் சாய்ந்தவை. மைக்காவும் மெலமைனும் தினசரி வேலை என்றால் ட்ரிப்பிள் சிப் என்று சொல்லப்படும் பல் வடிவம் உள்ளதை நான்காவதாகச் சேருங்கள். கடினமான பரப்பில் மற்ற வடிவங்கள் சீக்கிரம் முனை மழுங்கும், இது தாங்கும்.

வாங்கும்போது மூன்று அளவைப் படியுங்கள். நடுத் துளை: 160 மி.மீ. பிளேடுகளுக்குப் பொதுவாக 20 மி.மீ., 210-க்கு 30 மி.மீ. அடுத்தது, பிளேடில் அச்சிட்ட உச்ச வேகம். அது உங்கள் மெஷினின் வேகத்தைவிட அதிகமாக இருந்தே ஆக வேண்டும். மூன்றாவது வெட்டு அகலம், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய டிஎஸ் 55 பிளேடுகள் 2.2 மி.மீ., புதிய டிஎஸ் 55 எஃப் மெஷினோடு வருவது 1.8 மி.மீ. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு, பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும் வெட்டு அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேடை மாட்டி, பழைய தடித்த தகடை அப்படியே விட்டால் தகடு வெட்டுக்குள் நுழையாமல் முட்டும். ரெயிலின் ரப்பர் பட்டையும் பழைய பிளேடுக்கு அறுபட்டது என்பதால், பிளேடு அகலம் மாறும்போது ஓரம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அறுத்த இடம் கருகுது. மோட்டாருக்கு பவர் பத்தலையா?

பெரும்பாலும் மோட்டார் காரணமில்லை. பிளேடில் பிசின் படிந்திருக்கும், பல் மழுங்கியிருக்கும், அல்லது 48 பல் பிளேடால் கனமான பலகையை நார்வாக்கில் அறுத்திருப்பீர்கள். மிக மெதுவாகத் தள்ளினாலும் கருகும்: பல் சீவாமல் தேய்க்கிறது. கீழே விழுவதைப் பாருங்கள். சின்னச் சின்னச் சீவலாக வந்தால் சரி, மாவு மாதிரி வந்தால் ஒன்று மெதுவாகப் போகிறீர்கள், இல்லை பிளேடு மழுங்கிவிட்டது.

பிசினைக் கழுவ பிளேடு சுத்தம் செய்வதற்கென்றே உள்ள திரவமும் பழைய பல் துலக்கியும் போதும். காஸ்டிக் சோடா பக்கம் போகாதீர்கள். கார்பைடு பல்லில் டங்ஸ்டன் கார்பைடு துகள்களைப் பிணைத்து வைத்திருப்பது கோபால்ட். கடுமையான ரசாயனம் அந்தப் பிணைப்பை அரிக்கும். கழுவியும் கருகினால் சாணை பிடிக்கக் கொடுங்கள்.

வேக டயல் எதுக்கு? எப்பவும் ஃபுல்லிலேயே வைச்சா என்ன?

மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் முழு வேகம்தான் சரி. 160 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5200 சுற்றில் ஓடும்போது பல் நுனி நொடிக்குச் சுமார் 44 மீட்டர் போகிறது, 2000 சுற்றில் 17 மீட்டர்தான். இந்தக் குறைந்த வேகம் அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்குகளுக்கு. முழு வேகத்தில் அவை உருகி, வெட்டின இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் அறுக்க வேண்டுமானால் அதற்கென்றே உள்ள பிளேடு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கொஞ்சம் மெழுகு வேண்டும். மரத்தூள் நிரம்பிய வாக்யூமை அப்போது கழற்றிவிடுங்கள். சூடான உலோகத் துகள் மரத்தூளுக்குள் போனால் தீப்பிடிக்கும்.

வயர் மெஷினா, பேட்டரி மெஷினா?

பட்டறையிலேயே வேலை என்றால் வயர். வாக்யூம் குழாய் எப்படியும் பின்னால் இழுபடும், அதனோடு ஒரு வயரும் வந்தால் என்ன. வெளியிடத்தில் போய் அறுப்பவர்களுக்கு, முக்கியமாக மின்சாரம் இன்னும் வராத கட்டடங்களில் வேலை செய்பவர்களுக்கு, பேட்டரி. இப்போதைய பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் மெஷின்கள் பிளைவுட் வேலையில் வயர் மெஷினுக்குக் குறைந்தவை இல்லை. கனமான கட்டையை நாள் முழுக்க நார்வாக்கில் அறுத்தால்தான் பேட்டரி திணறும்.

வயர் மெஷினுக்கு நீள வயர் போட்டு ஓட்டுகிறவர்கள் சுருளில் சுற்றியிருப்பதை முழுதாகப் பிரித்துவிடுங்கள். சுற்றியபடியே இருந்தால் வயர் சூடேறும்.

ஒருத்தர் 18 வோல்ட்ங்கிறார், இன்னொருத்தர் 20 வோல்ட்ங்கிறார். 20 தானே பவர் ஜாஸ்தி?

இரண்டும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், மொத்தம் 18. முழுதாக சார்ஜ் ஏறின உடனே அளந்தால் 20-ஐத் தாண்டும். அந்த உச்சத்தை எடுத்து 20 வோல்ட் மேக்ஸ் என்று பெயர் வைக்கிறார்கள். 40 வோல்ட் மேக்ஸ் என்பதும் அதே வழியில் 36 வோல்ட்தான்.

ஒப்பிட வேண்டியது வாட் அவர். வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வரும்: 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் என்றால் 90 வாட் அவர். விமானத்தில் போய் வேலை செய்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தேவை. உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், 100 வாட் அவர் வரை பொதுவாக முன் அனுமதி வேண்டாம். 18 வோல்ட் 8 ஆம்பியர் அவர் பேட்டரி 144 ஆகிவிடும். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

வாக்யூம் கட்டாயமா? இத்தனை வருஷம் துணி கட்டிக்கிட்டே வேலை பார்த்தாச்சே.

கட்டாயம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. மூக்கு, மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகள், தொண்டையின் மேல்பகுதி ஆகியவற்றைத் தாக்கும் புற்றுநோய் அது. கண்ணுக்குத் தெரியும் சீவலால் ஆபத்து குறைவு. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும் நுண்தூள்தான் உள்ளே போகிறது, துணி அதைத் தடுக்காது.

வாக்யூம்களில் எல், எம், எச் என்று வகுப்பு உண்டு. எல் வகுப்பு குறைந்தது 99 சதவீதத் தூளைப் பிடிக்க வேண்டும், எம் வகுப்பு 99.9, எச் வகுப்பு 99.995. மரவேலைத் தொழிலுக்கு எம் வகுப்பைத்தான் சொல்வேன். குழாய் நிலைமின்சாரம் ஏறாத வகையாக இருக்கட்டும், ரம்பத்துக்கு 27 மி.மீ. குழாயைவிட 36 மி.மீ. நல்லது. மெஷினை வாக்யூமிலேயே சொருகினால் ரம்பத்தை ஆன் செய்தவுடன் வாக்யூமும் ஓடும். இந்த வசதி இல்லையென்றால் பத்தில் ஐந்து வெட்டுக்கு ஆன் செய்ய மறந்துவிடுவோம். பலகையின் ஓரத்தைச் சின்னதாகச் சீவும்போது மட்டும் உறையின் ஒரு பக்கம் திறந்திருப்பதால் எந்த மெஷினும் தூள் கக்கும். அப்போது முகக்கவசமும் வேண்டும். காதுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொள்ளுங்கள், இந்த ரம்பங்கள் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும்.

ரெயில்ல ஓடுற மெஷின் கிக்பேக் அடிக்குமா?

அடிக்கும். ரெயில் இருக்கிறது என்ற தைரியத்தில் கவனம் குறைவதால் எதிர்பாராமல் அடிக்கும். பிளேடின் அடிப்பக்கப் பற்கள் முன்னோக்கி ஓடுகின்றன. அவை எங்காவது சிக்கினால் மரம் நகராது, அதே விசை மெஷினை உங்களை நோக்கிப் பின்னால் தள்ளும், இதுதான் கிக்பேக். சிக்குவதற்கு இரண்டு காரணம்தான் அதிகம். ஒன்று, அறுபட்ட இரண்டு துண்டும் நடுவில் தொய்ந்து பிளேடை நெருக்குவது. இன்னொன்று, பலகையின் நடுவில் ஓடும் பிளேடை வேகமாக இறக்குவது.

முதலாவதற்கு மருந்து பலகை முழுவதையும் அடியில் தாங்குவது. இரண்டு ஸ்டூல் மேல் பலகையை வைத்து நடுவில் அறுப்பதுதான் நான் பார்த்த மோசமான பழக்கம். தரையில் கெட்டியான தெர்மோகோல் தாளை விரித்து அதன் மேல் பலகையை வைத்து அறுங்கள், பிளேடு பலகையைத் தாண்டி 3 மி.மீ. இறங்கினால் போதும். இரண்டாவதற்கு, ரெயிலில் மெஷினுக்குப் பின்னால் மாட்டும் தடுப்புக் கட்டையைப் பயன்படுத்துங்கள். மெஷினின் பின்புறம் அதில் முட்டியிருக்கட்டும், பிளேடு முழு வேகத்துக்கு வந்த பிறகு மெதுவாக இறக்குங்கள். ரெயிலைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அடியில் உள்ள ரப்பர் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், தூசி படிந்த மைக்காவில் அது வழுக்கும்.

வெட்டின பள்ளம் மூடிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் ரைவிங் நைஃபின் வேலை. டிஎஸ் 55-இல் அது உண்டு, மகிட்டா எஸ்பி 6000-இல் கிடையாது. ஃபெஸ்டூலின் டிஎஸ்சி 55 கே பேட்டரி மெஷினில், அடித்தட்டு ரெயிலை விட்டுத் தூக்குவதை உணர்ந்து பிளேடை நிறுத்தும் அமைப்பும் வந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் உடலைப் பிளேடின் நேர்கோட்டில் வைக்காமல் பக்கவாட்டில் நிற்பதை அது மாற்றவில்லை.

விரல் பட்டா தானா நிக்கிற மெஷின் இருக்காமே. அது கைரம்பத்திலும் வருமா?

நீங்கள் சொல்வது சாஸ்டாப். ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-இல் கண்டுபிடித்தது, முதல் மெஷின் 2004-இல் விற்பனைக்கு வந்தது. பிளேடில் மெல்லிய மின் சமிக்ஞை ஓடும். உடலில் மின்சாரம் பாயும் என்பதால் விரல் பட்டதும் சமிக்ஞை மாறும், உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து 5 மில்லி நொடிக்குள் நிறுத்திவிடும். காயம் பெரும்பாலும் கீறலோடு போகும். அந்தக் கட்டையும் பிளேடும் மாற்ற வேண்டியதுதான். ஈரமான மரமும் உலோகமும் பட்டாலும் தவறுதலாக நின்றுவிடும்.

இது டேபிள் சாவுக்கான அமைப்பு. ஃபெஸ்டூலின் தாய் நிறுவனம் 2017-இல் சாஸ்டாப்பை வாங்கியது, பிறகு எடுத்துச் செல்லக்கூடிய டிகேஎஸ் 80 டேபிள் சாவில் அதைக் கொண்டுவந்தார்கள். முந்தைய பதிலில் சொன்ன டிஎஸ்சி 55 கே அமைப்பு வேறு. அது கிக்பேக்கைத்தான் உணரும், விரலை உணராது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து யாரும் கை வைத்துவிடக் கூடாது.

ட்ராக் சா வாங்கிட்டா டேபிள் சா வேண்டாமா?

பெரிய பலகையை உடைக்க ட்ராக் சா. ஒரே அளவில் நாற்பது பட்டை வேண்டுமானால் டேபிள் சா. முழு பிளைவுட்டைத் தூக்கி டேபிள் சாவில் தள்ளுவது தனியாள் வேலை இல்லை, 50 மி.மீ. பட்டையை ட்ராக் சாவில் ஒவ்வொன்றாக அளந்து அறுப்பதும் அவ்வளவே கஷ்டம். இடமில்லாதவர்கள் மாஃபெல் எரிக்கா போன்ற மெஷின்களைப் பார்க்கலாம். மேசைக்கு அடியில் உள்ள பிளேடை உங்கள் பக்கம் இழுத்து அறுக்கும் வகை அது, மரம் அசையாமல் இருக்கும்.

90 டிகிரி வைச்சுத்தான் அறுக்கிறேன். பெட்டி மூலை சேரவே மாட்டேங்குது.

இதில் இரண்டு 90 இருக்கிறது: ரெயில் பலகைக்கு 90-ஆ என்பது, பிளேடு மெஷினின் அடித்தட்டுக்கு 90-ஆ என்பது. எது தவறு என்று தெரியாமல் திருகைத் தொடாதீர்கள்.

ரெயிலுக்கு: 600 மி.மீ. அகலமுள்ள பலகை ஒன்றை எடுங்கள், ரெயில் முட்டும் ஓரமும் எதிர் ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். குறுக்காக அறுங்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, அறுத்த விளிம்புகளை மறுபடி சேருங்கள். ஒரு முனையில் 1 மி.மீ. இடைவெளி தெரிந்தால் உண்மைப் பிழை அதில் பாதி, 600-க்கு அரை மி.மீ. மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, மட்டமே தவறாக இருக்கலாம் அல்லவா. பிளேடுக்கும் இதே வித்தைதான்: 40 மி.மீ. கனமுள்ள கட்டையை அறுத்து, ஒன்றைப் புரட்டி, சமதளத்தில் வைத்து விளிம்புகளைச் சேர்த்து மேலேயோ கீழேயோ வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தினமும் குறுக்கு வெட்டு வேலை இருந்தால் துளைகள் போட்ட மேசை ஒன்று அமைத்துக்கொள்ளுங்கள். ஃபெஸ்டூல் எம்எஃப்டி மேசையில் 20 மி.மீ. துளைகள் 96 மி.மீ. இடைவெளியில் இருக்கும். அவற்றில் ஊசிக் கட்டைகளைச் செருகினால் ரெயில் ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் உட்காரும்.

ஜிக் சாவில் வளைவு அறுத்தா மேல ஒரு கோடு, அடியில ஒரு கோடு வருது. விலை கூடின மெஷின் வாங்கினா சரியாகுமா?

பாதி சரியாகும். ஜிக் சா பிளேடு மேலே மட்டும் பிடிபட்டு, கீழ்முனை சும்மா தொங்குகிறது. பக்கவாட்டில் அழுத்தினால் கீழ்முனை சாய்ந்து ஓடும். நல்ல மெஷின்களில் பிளேடைப் பக்கவாட்டில் தாங்கும் அமைப்பும் ஆட்டமில்லாத தண்டும் இருப்பதால் சாய்வு குறையும். மாஃபெல் பி1 சிசி இந்த விஷயத்தில் பெயர் வாங்கியது, கனமான மரத்தில் அதன் வெட்டு செங்குத்தாக நிற்கும்.

மீதிப் பாதி உங்கள் கையில். பெண்டுல அசைவை (பிளேடு முன்னும் பின்னும் ஆடுவதை) வளைவுகளில் பூஜ்யத்தில் வையுங்கள். அது நேர் வெட்டில் வேகம் தருவதற்காக, வளைவில் பிளேடைத் தள்ளிவிடும். தடித்த பிளேடு நேர் வெட்டுக்கு, ஒடுங்கிய பிளேடு இறுக்கமான வளைவுக்கு. மெஷினைத் தள்ளாதீர்கள், அது போகும் வேகத்தில் கூடவே போங்கள்.

பழைய மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம், உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்த பிறகு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தண்டில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அடித்தட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், கீழே விழுந்த மெஷினின் தட்டு வளைந்திருக்கும், அதை நிமிர்த்த முடியாது. இறக்கும் கீல் இடம்வலமாக ஆடக்கூடாது. ரைவிங் நைஃபைக் கழற்றி எறிந்திருந்தால் அதை வைத்திருந்தவர் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருந்திருப்பார். ரெயிலை நான்காம் கேள்வியில் சொன்ன பென்சில் கோடு முறையில் சோதியுங்கள்.

நீளமான பட்டையோட ஓரத்தை 45 டிகிரியில் அறுக்கணும். ரெயில் வைக்கவே இடம் இல்லை. என்ன செய்ய?

பல ரெயில்கள் 180 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை அகலம் இருக்கும். 60 மி.மீ. பட்டையின் மேல் அதை வைத்தால் மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும், மெஷினின் எடை ஏறியதும் சாயும். அதே கனமுள்ள இன்னொரு பலகையைப் பட்டைக்குப் பக்கத்தில் ஒட்ட வைத்து, ரெயில் இரண்டின் மேலும் உட்காரும்படி செய்யுங்கள். பட்டை வெட்டின்போது நகராமல் இருக்க அடியில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள், ஏனென்றால் கிளாம்ப் போட இடம் இருக்காது.

சாய்வெட்டில் மெஷினின் எடை பிளேடு பக்கமாக இழுக்கும். ஆகவே ஒரு கை முன் கைப்பிடியை ரெயில் பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கட்டும். நல்ல மெஷின்களில் பிளேடு ரெயிலின் ஓரத்தையே அச்சாகக் கொண்டு சாயும், அதனால் 90-இல் அறுத்த அதே கோட்டில்தான் 45-உம் விழும். மலிவு மெஷின்களில் கோடு சில மி.மீ. நகரும், முதலில் கழிவுத் துண்டில் பார்க்க வேண்டும். ரப்பர் பட்டை 90-க்கு அறுபட்டது என்பதால் 45-இல் அதைக் கொஞ்சம் கொறிக்கலாம். தினமும் சாய்வெட்டு வேலை இருந்தால் அதற்கென்று ஒரு சின்ன ரெயிலை ஒதுக்கிவையுங்கள். முடிந்தால் பட்டையாக அறுப்பதற்கு முன்பே, அகலப் பலகையாக இருக்கும்போதே 45 வெட்டை முடித்துவிட்டு, அப்புறம் 60 மி.மீ. அகலத்துக்குப் பிரியுங்கள். இந்தப் பதிலில் சொன்ன பாதித் தொல்லை அப்போது வராது.